தலைப்பு வரியில் இல்லாத இரண்டு வரிகள்

தான்யூப் நதிக்கரையில் இருக்கும் ரூசே ஊரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒக்னியான் பருஷெவைத் தெரியும். பில் போடுகிற மெஷின் மக்கர் பண்ணினால் வரித்துறைக்குத் தகவல் போகாது. தகவல் போகாவிட்டால் கடையைத் திறந்து வைக்க முடியாது. அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் அவர். ஐம்பத்திரண்டு வயது. மேல்பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர், கீழ்ப்பையில் சூரியகாந்தி விதை. ரொட்டிக்கடையில் வரிசை வாசல் வரை நின்றாலும் அவர் தலை தெரிந்ததும், "அண்ணன் வந்துட்டார், வழி விடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

அதே அண்ணன் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை சமையலறை மேஜையில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது அந்த வரிசையில் ஒருத்தருக்கும் தெரியாது.

'ஷமந்துரா' என்று ஒரு மென்பொருள். தான்யூபில் கப்பலுக்கு வழிகாட்ட மிதக்கவிட்டிருக்கும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். நீரேற்று நிலையத்துப் பம்பு, தொட்டி, அளவுமானி எல்லாம் பழைய காலத்து பாஷை ஒன்றில் பேசும். அதைக் கேட்டு இன்றைய கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது ஷமந்துராவின் வேலை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒக்னியானும் கூடப் படித்த காமெனும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் காமென் வார்னாவுக்குப் போய், ஆட்களைப் படகில் ஏற்றி மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற தொழிலில் இறங்கிவிட்டான். ஒக்னியான் தனியாக மாட்டிக்கொண்டார்.

நாலாம் பதிப்பு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் தண்ணீர்க்காரர்கள் லேசில் எதையும் மாற்ற மாட்டார்கள்; ஓடுகிற பம்பை எவன் நிறுத்துவான்? பாதிப் பேர் இன்னும் மூன்றாம் பதிப்பில்தான். அவர்களுக்காகப் பழைய பதிப்பில் புதிதாக ஒன்றும் சேர்க்காமல், ஓட்டையை மட்டும் அடைத்து 3.8.1, 3.8.2 என்று சின்னச் சின்னப் பராமரிப்பு வெளியீடுகள் விட வேண்டும். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிற வேலை. நன்றாக ஓடும்போது யாரும் எழுதுவதில்லை. எங்கேயாவது நின்றால், உங்கள் அலட்சியத்தால் எங்கள் விடுமுறை நாசமாயிற்று என்று பெயர்கூடப் போடாமல் எழுதுவார்கள். ஒக்னியான் அதற்கும் வருந்துகிறேன் என்று பதில் போட்டுவிட்டு பில் மெஷின் பார்க்கக் கிளம்புவார்.

நாலு வருஷத்துக்கு முன் அர்வோ லெபிக் என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. எஸ்தோனியாவில் தார்த்து பக்கம் என்று மட்டும் தெரியும். படம் கிடையாது, குசலம் விசாரிப்பது கிடையாது. திருத்தம் ஒன்று, அதற்குச் சோதனை ஒன்று, மேலே ஒரே ஒரு தலைப்பு வரி. முதல் வருஷம் ஒக்னியான் அவன் அனுப்பியதை வரி வரியாகப் படித்தார், ஒரு தப்பும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம் மேலோட்டமாகப் பார்த்தார். அப்புறம் தலைப்பு வரியைப் படித்ததோடு சரி. காபி கொதித்து வருவதற்குள் 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்திவிடுவார். மொத்தம் இருநூற்றுப் பதினாலு திருத்தங்கள் உள்ளே போயிருந்தன.

போன குளிர்காலத்தில் ஒக்னியானுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் அரக்கப் பரக்க எழுவதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மனைவி நெவேனா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரன் திட்டினா அவன் மூஞ்சியையாவது பார்க்கலாம். இதுல யார்னே தெரியாதவனுக்குப் பயந்து நெஞ்சைப் புடிச்சிட்டு உட்கார்ந்திருக்கே. எவன்கிட்டயாவது குடுத்துத் தொலையேன்."

கொடுப்பதென்றால் அர்வோவிடம்தான். வெளியீட்டுச் சாவி என்று ஒன்று உண்டு. அதைக் கொண்டு முத்திரை போட்டால்தான் உலகத்தில் எந்த நீரேற்று நிலையமும் இது அசல் ஷமந்துரா என்று எடுத்துக்கொள்ளும். ஈஸ்டர் முடிந்ததும் சாவியைத் தருகிறேன் என்று ஒக்னியான் எழுதினார். அர்வோவிடமிருந்து ஒரே வரி வந்தது: "சரி, பார்த்துக்கொள்கிறேன்." அன்று மத்தியானம் ஒக்னியான் பல மாதத்துக்கப்புறம் கவலையில்லாமல் தூங்கினார்.

ஈஸ்டருக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அந்தச் செய்தி வந்தது. வேறொரு திட்டத்தில், களைத்துப்போன ஒரு பராமரிப்பாளரிடம் முகம் தெரியாத ஒருவர் வருஷக்கணக்காகப் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுச் சாவி கைக்கு வந்ததும் திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டாராம். ஒக்னியான் அதை இரண்டு முறை படித்தார். களைத்துப்போன ஆள், பொறுமையான உதவிக்காரன், சாவி. பெயரை மட்டும் மாற்றினால் தன் கதை.

கிராட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு நீர்வாரிய என்ஜினியர், ஷமந்துராவைப் பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் எழுதுகிற பொதுப் பலகையில் கேட்டார்: உங்கள் அர்வோ யார், யாராவது நேரில் பார்த்ததுண்டா? அதன் கீழே நாற்பது பேர் அதையே வேறு வேறு வார்த்தையில் கேட்டார்கள்.

ஒக்னியான் இருநூற்றுப் பதினாலு திருத்தங்களையும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார். ஒன்பது காலைகள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நூற்று நாற்பது வரை சுத்தம். நூற்று நாற்பத்தொன்றில் கை நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதத்துத் திருத்தம் அது. தலைப்பு வரி: "இடைவெளிகளை ஒழுங்குபடுத்தியது." உள்ளே முப்பது வரியில் உண்மையாகவே இடைவெளிதான். நடுவில் இரண்டு வரி மட்டும் வேறு. பம்பிலிருந்து வருகிற செய்தியின் நீளத்தைக் கையாளுகிற இடத்தில், தலைப்பில் ஒரு வார்த்தை சொல்லாமல், கணக்கை மாற்றியிருந்தான். மேலே ஒன்று சொல்லி உள்ளே இன்னொன்று செய்திருக்கிறான். திருடர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு வரியும் என்ன செய்கின்றன என்று நிதானமாக உட்கார்ந்து யோசித்திருக்கலாம். ஒக்னியானால் முடியவில்லை. ஒளித்து வைத்தது கண்ணில் பட்டதுமே புத்தி வேறு பக்கம் போய்விட்டது. வார்னாவுக்குப் போன் போட்டார்.

காமென் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "உன்னை மாதிரி ஒரு அப்பாவிய எஸ்தோனியாவுல உட்கார்ந்து எப்படிடா கண்டுபிடிச்சான்? தூக்கி வெளில போடு. அந்தத் திருத்தத்தையும் பிடுங்கு, அவனையும் பிடுங்கு."

நெவேனா வேறு மாதிரி சொன்னாள். "நாலு வருஷமா கூட வேலை பார்க்கிறவன். அவன்கிட்டயே கேட்டா என்ன?"

"கேட்டா உஷாராயிடுவான்."

"அவன் நல்லவனா இருந்தா?"

ஒக்னியான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழக்கிழமை காலை 3.8.4 வெளியானது. அந்தத் திருத்தத்தைப் பிடுங்கிவிட்டு அதற்கு முன் இருந்த தன்னுடைய பழைய வரிகளையே திரும்ப வைத்தார். பொதுப் பலகையில் அறிவிப்பும் போட்டார்: அர்வோ லெபிக் என்ற பங்களிப்பாளரின் திருத்தம் ஒன்றில், தலைப்பு சொன்னதும் உள்ளே இருந்ததும் வேறு, அதை நீக்கியிருக்கிறோம், அவருக்கிருந்த அனுமதிகளையும் நிறுத்தியிருக்கிறோம், பழைய பதிப்புக்காரர்கள் உடனே 3.8.4-க்கு மாறவும். ஒரு மணி நேரத்துக்குள் நூறு பேர் நன்றி சொன்னார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு நன்றி அவருக்கு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மீன் கடை ஒன்றில் கல்லாவுக்கு அடியில் படுத்து வயர் மாற்றிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. அர்வோ.

"3.8.4-ஐ இன்றே திரும்பப் பெறுங்கள். நீங்கள் நீக்கியது பூட்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச் பதினாலாம் தேதி, பாதுகாப்பு முகவரிக்கு நான் எழுதியதைப் பாருங்கள். பொதுவில் நான் எதுவும் சொல்ல மாட்டேன்." கீழே ஒரு போன் நம்பர்.

பாதுகாப்பு முகவரி. ஷமந்துராவின் முதல் பக்கத்திலேயே அந்த வாசகம் உண்டு, ஒக்னியானே எழுதியது: பாதுகாப்புக் குறை ஏதும் கண்டால் பொதுவில் எழுதாதீர்கள், இந்த முகவரிக்கு மட்டும் எழுதுங்கள். பூட்டு தயாராவதற்குள் ஓட்டை வெளியே தெரிந்தால் கெட்டவன் முந்திக்கொள்வான் என்பதால் இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கல்லாவுக்கடியிலிருந்து எழும்போது தலை பலகையில் இடித்தது. அந்த முகவரிக்கு வருகிற கடிதம் எங்கே போய் விழுகிறது என்று கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

காமென் கடலில் இருந்தான். மூன்றாம் முறைதான் எடுத்தான். பாதுகாப்பு முகவரி யாருக்குப் போகுது என்று ஒக்னியான் கேட்டதும், அவன் பக்கம் மோட்டார் சத்தம் நின்றது.

"எனக்குத்தான் வரும். என் பழைய பெட்டிக்கு. அதை நான் திறந்தே... ரூசேயை விட்டதிலேர்ந்து திறக்கலைடா."

"பாஸ்வேர்டைச் சொல்லு."

சொன்னான். தன் முதல் நாயின் பெயர். மீன் கடையின் பின்னறையில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒக்னியான் அந்தப் பெட்டியைத் திறந்தார். லாட்டரி விழுந்ததாகவும் மருந்து மலிவு என்றும் வந்த குப்பைக்கு நடுவில் அர்வோவின் கடிதங்கள் மூன்று.

முதல் கடிதத்தில் ஓட்டையை விளக்கியிருந்தான். பம்பு தன் செய்தி நாற்பது எழுத்து என்று சொல்லிவிட்டு நானூறு எழுத்து அனுப்பினால், ஷமந்துரா அளந்து பார்க்காமல் சொன்னதை நம்பி வாங்கிக்கொள்கிறது. விஷயம் தெரிந்தவன் அந்த வழியாக உள்ளே புகுந்து பம்பையே ஓட்டலாம், நிறுத்தலாம். ஓட்டை பழையது. எந்த வருஷத்தில் யார் எழுதியது என்றும் குறித்திருந்தான்: பதினைந்து வருஷத்துக்கு முன், ஒக்னியான் பருஷெவ். இரண்டாவது கடிதத்தில், பதில் காணோம், அவசரம் என்று எழுதியிருந்தான். மூன்றாவது சின்னது: "யாருக்கும் சந்தேகம் வராதபடி இதை இடைவெளித் திருத்தத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். உங்களுக்குச் சம்மதமானால் ஒன்றும் எழுத வேண்டாம், ஏற்றுக்கொண்டால் போதும்."

ஏற்றுக்கொண்ட நேரத்தை ஒக்னியான் பார்த்தார். திருத்தம் வந்து நாற்பத்தாறு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டிருந்தார். அன்றும் காபி கொதித்து வருவதற்குள் பொத்தானை அழுத்தியதுதான்.

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணே, முகமே சரியில்லையே, தண்ணி தரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நம்பரை அழுத்தினார். நாலு வருஷத்தில் முதல் முறையாக அந்தக் குரலைக் கேட்டார். இரவல் மொழியில்தான் பேச வேண்டியிருந்தது, இரண்டு பேருக்கும்.

"இருங்க, இங்க கூலிங் மோட்டார் சத்தம். வெளில வர்றேன்." இரும்புக் கதவு சாத்துகிற சத்தம். "பால் பண்ணை. எங்க தொட்டியெல்லாம் உங்க ஷமந்துராலதான் ஓடுது. சொல்லுங்க."

"கடிதத்தைப் படிச்சேன். இன்னிக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

அர்வோ கேட்டான்: "அப்போ அன்னிக்கு ஒரு மணி நேரத்துல ஏத்துக்கிட்டீங்களே?"

"படிக்காம ஏத்துக்கிட்டேன்."

அர்வோ மூச்சு விட்டது கேட்டது. "ரெண்டு வருஷமா நான் என்ன நினைச்சுட்டிருந்தேன் தெரியுமா? என்ன மனுஷன்யா இவர், ஒரு வார்த்தை பேசாம எவ்ளோ நேக்கா முடிச்சிட்டார்னு. இங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன்."

ஒக்னியான் மன்னிப்பு என்று தொடங்கினார். அர்வோ அதை நிறுத்தினான். எத்தனை இடத்தில் 3.8.4 போட்டிருக்கிறார்கள் என்று கேட்டான். பதிவு செய்துகொண்டவர்கள் கணக்குப்படி அறுபத்தோரு இடம். எல்லாம் ஒக்னியான் பேச்சை நம்பி, உடனே மாறச் சொன்னார் என்று மாறியவர்கள். முன்பு பூட்டியிருந்த கதவை அவரே நேரில் போய்த் திறந்து வைத்த மாதிரிதான்.

உடனே 3.8.5 விட வேண்டும். அந்த இரண்டு வரியைத் திரும்ப வைத்தால் போதும். ஒக்னியான் வண்டியிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஐஸ் பெட்டி மேலே வைத்தார். விரல் விறைத்தது. அரை மணியில் தயார்.

"தலைப்புல என்ன எழுதப் போறீங்க?" என்றான் அர்வோ.

"உண்மையத்தான். தப்பு என்னோடது, நீ திருடன் இல்லைன்னு."

"இன்னிக்கு வேணாம். அறுபத்தோரு கதவும் மூடுறதுக்கு முன்னாடி திறந்திருக்குன்னு ஊருக்கே சொல்லுவீங்களா?"

"அதுவரைக்கும் உன் பேரு?"

"அது அப்படியே கிடக்கட்டும். ஒரு வாரம்தானே." குரல் தட்டையாக இருந்தது. பிறகு, "பண்ணையில உங்க அறிவிப்பைப் படிச்சிட்டாங்க. முதலாளி இன்னிக்குக் காலைல என்னைத் தொட்டிக் கம்ப்யூட்டர் பக்கம் விடலை" என்றான்.

ஒக்னியான் தலைப்பு வரியைத் தன் கையாலேயே தட்டினார்: "3.8.4-ல் நேர்ந்த இடைவெளிக் குளறுபடியைச் சரிசெய்தது." முத்திரை போட்டு வெளியிட்டார். நாற்பது நிமிஷத்தில் கிராட்ஸ் என்ஜினியர் எழுதினார்: தலைப்பும் உள்ளிருப்பதும் பொருந்தவில்லையே, நேற்று எடுத்த வரிகள் இன்று ஏன் திரும்ப வந்தன, ஒக்னியானை யாராவது மிரட்டுகிறார்களா? பதில் சொன்னால் ஓட்டை வெளியாகும். சொல்லாவிட்டால் அவரே திருடன். நேற்று நன்றி சொன்ன நூறு பேரில் பலர் இன்று அவரையே சந்தேகப்பட்டு எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பென்று அவருக்குப் படவில்லை. அதே வார்த்தைகளைத்தான் அவர் நேற்று எழுதியிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அறுபத்தோரு இடங்களுக்கும் தனித்தனியாக எழுதினார். மாறச் சொன்னார், காரணம் பின்னால் வரும் என்றார். ஐம்பத்திரண்டு பேர் மாறினார்கள். மற்றவர்கள், நீங்கள் தெளிவாகச் சொல்கிற வரை எதையும் தொட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் நிலையில் தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று ஒக்னியானுக்குத் தெரிந்தது. போனில் கூப்பிட்டுக் கெஞ்சினார். எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். ஒரே ஓர் இடம் மட்டும் பதிலே போடவில்லை. எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை, வெறும் எண்தான். எங்கோ ஒரு பம்பு. குழாயைத் திறந்து முகம் கழுவும்போதெல்லாம் ஒக்னியானுக்கு அந்த எண் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஒன்றுக்காக அர்வோவின் பெயரை இனியும் அப்படியே விட முடியாது என்று ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் எழுதினார். ஓட்டை போட்டது நான், கண்டுபிடித்து அடைத்தது அர்வோ, அடைத்ததைப் பிடுங்கியதும் நான், அவனுடைய கடிதங்கள் இரண்டு வருஷம் யாரும் பார்க்காத பெட்டியில் கிடந்தன, காரணம் நான். நெவேனா பக்கத்தில் நின்று வாசித்தாள். "காமென் பேரு எங்க?" என்று கேட்டாள். "வேணாம். பெட்டியைப் பார்க்காதது நான்தானே" என்றார். முந்தின அறிவிப்பைப் படித்தவர்களில் பத்தில் ஒரு பங்கு பேர்கூட இதைப் படிக்கவில்லை. கிராட்ஸ் என்ஜினியர் மட்டும் இரண்டு வரியில் அர்வோவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அறிவிப்பை அர்வோவின் முதலாளிக்கும் தனியாக அனுப்பினார் ஒக்னியான். அங்கே என்ன ஆயிற்று என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அதே நாளில் பாதுகாப்பு முகவரியை மாற்றினார். இனி கடிதம் இரண்டு பேருக்குப் போகும். ஒன்று அவர். இன்னொன்றுக்கு அர்வோவின் பெயரைப் போடலாமா என்று கேட்டு, கூடவே வெளியீட்டுச் சாவியையும் தருகிறேன் என்று எழுதினார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "முகவரிக்குச் சரி. சாவி வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் எதைத் தொட்டாலும் யாராவது என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்களும்தான்."

டாக்டர் சொன்னதைக் கேட்காமல் ஒக்னியான் காலை ஐந்தரைக்கே எழுந்துகொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் அர்வோவின் இருநூற்றுப் பதினைந்தாவது திருத்தம் வந்தது. ஒரே ஒரு வரி. தேதி எழுதுகிற இடத்தில் சின்னப் பிசகு. மேலே வழக்கமான ஒற்றைத் தலைப்பு வரியைக் காணோம். இரண்டு பக்கம் எழுதியிருந்தான். எதை மாற்றினான், ஏன் மாற்றினான், மாற்றாமல் விட்டது எது, தானே சோதித்தது எப்படி, மற்றவர்கள் சோதித்துப் பார்க்க வழி என்ன, எல்லாம் எண் போட்டு, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி.

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. நெவேனா ஓடிவந்து அணைத்தாள். "ஒரு வரிக்கா இவ்ளோ நேரம்?"

"ம்" என்றார் ஒக்னியான்.

அந்த ஒரு வரியை அவர் நாலு காலை படித்தார். முதல் நாளே சரி என்று தெரிந்துவிட்டது. இருந்தும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் திரும்பத் திரும்பப் பார்த்தார். படிக்காமல் ஏற்றுக்கொள்ள இனி அவருக்குத் தைரியமில்லை. இவ்வளவு நேரம் படிப்பது அர்வோவுக்கு எப்படி வலிக்கும் என்றும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் கையைப் பொத்தான் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் காலை ஏழு இருபதுக்கு ஏற்றுக்கொண்டார். தார்த்துவிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. பையில் ஸ்க்ரூ டிரைவர்கள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குக் கிளம்பினார். அங்கே மெஷின் நின்றுபோய், வரிசை வாசலைத் தாண்டி அவருக்காகக் காத்திருந்தது.